இரண்டு நிமிட நிழல்: ஜான் மையர்ஸ் தீட்டிய ராபர்ட் பர்ன்ஸ், 1787

எடின்பரோவின் குயீன் தெருவில் செந்நிற மணற்கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1889-இல் திறந்த ஸ்காட்லாந்து தேசிய உருவப்படக் காட்சியகம் அது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் முகத்தைத் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடமும் அதுதான். அலெக்சாண்டர் நாஸ்மித் 1787-இல் வரைந்த எண்ணெய் ஓவியத்தை எல்லோருக்கும் தெரியும். பிஸ்கட் டப்பா தொடங்கி வங்கி நோட்டு வரை ஏறிவிட்ட படம். அதே ஆண்டில் ஜான் மையர்ஸ் தீட்டிய சிறு கறுப்புப் பக்கமுகமும் அதே சேகரிப்பில் உண்டு. அதில் கண் இல்லை, நிறம் இல்லை. தலையிலிருந்து மார்பு வரை இறங்கும் ஒரு கோடும், அந்தக் கோட்டுக்குள் நிரப்பிய கறுப்பும்தான்.

வண்ண ஓவியத்தைப் பார்த்த கண், இதை ஒரு நொடியில் கடந்துவிடும். பர்ன்ஸின் முகவெட்டைப் பற்றிய சாட்சிகளில் இந்தக் கறுப்புப் படத்துக்குத்தான் முதலிடம் என்பது எங்கள் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கோடு எப்படி வந்தது, எங்கே பிசகும், கையில் இருப்பது எத்தனையாவது பிரதி என்ற மூன்றையும் விசாரித்த பிறகுதான் நம்ப வேண்டும்.

பெயர் விவகாரத்தை முதலிலேயே முடித்துவிடலாம். இவ்வகைப் படத்தை இன்று உலகம் 'சில்லவுட்' என்கிறது. 1759-இல் பிரான்சின் நிதிப் பொறுப்பில் சுமார் எட்டு மாதம் இருந்த எத்தியேன் த சிலுவெட் சிக்கனத்துக்குப் பேர்போனவர். மலிவாகத் தோன்றிய எதற்கும் அவர் பெயரை ஒட்டி ஊர் சிரித்தது. நிழல் படத்துக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்தச் சொல்லைப் பரப்பியவர் 1820-களில் கத்தரியால் காகிதம் வெட்டிப் பிழைத்த ஒகுஸ்த் எதுவார். பர்ன்ஸ் காலத்து எடின்பரோவில் இதற்கு 'நிழல்' என்றோ 'பக்கமுகம்' என்றோதான் பெயர். தமிழில் நிழற்படம் என்றால் கேமராப் படம் என்று ஆகிவிட்டதால் இங்கே நிழலுருவம் என்றே எழுதுகிறோம்.

கடிதத்தில் இருக்கும் கணக்கு

மையர்ஸ் 1758-இல் பிறந்து லீட்ஸ் நகரில் தொழில் தொடங்கியவர். 1780-களின் பிற்பகுதியில் எடின்பரோவில் கடை விரித்தார். 1788-இல் லண்டனுக்குப் போய்விட்டார். பர்ன்ஸ் எடின்பரோவுக்கு வந்தது 1786 நவம்பர் கடைசியில். முதல் கவிதைத் தொகுப்பு அந்த ஆண்டுதான் வந்திருந்தது. நகரமே அவரைப் பார்க்கத் துடித்த நேரம். ஆளும் தொழிலும் ஒரே ஊரில் சேர்ந்திருந்த காலம் குறுகியது. 1787 அதற்குள் விழுகிறது.

இந்தப் படத்துக்கு இருக்கும் சிறந்த ஆவணம் பர்ன்ஸின் கடிதம்தான். 1788 ஜூன் 23 அன்று மாக்லின் ஊரிலிருந்து நண்பர் ராபர்ட் ஐன்ஸ்லிக்கு எழுதியது. இது வெறும் வியாபாரக் குறிப்பு என்று அவரே சொல்லித் தொடங்குகிறார். உங்கள் ஊர்ப் பக்கமுக ஓவியர் மையர்ஸ் எனக்காக டாக்டர் பிளாக்லாக்கின் படத்தை முடித்து வைத்திருக்கிறார், போய் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் எனக்காக உட்காருங்கள், டாக்டர் படத்தின் அளவிலேயே செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பதினைந்து ஷில்லிங், பணத்தை மாக்லின் வண்டிக்காரர் ஜேம்ஸ் கானல் கையில் கொடுத்திருக்கிறேன், பொட்டலத்தை அவரிடம் ஒப்படைக்கும்போது தருவார் என்கிறார். மறுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, தான் உட்கார்ந்தபோது மையர்ஸ் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை என்று உறுதி சொல்கிறார். கட்டப்போகும் புது வீட்டின் கணப்பு மேடைக்கு மேலே தம் புரவலர் கிளென்கெர்ன் பிரபு, டாக்டர், ஐன்ஸ்லி மூவரையும் வரிசையாக மாட்டுவது திட்டம்.

பழைய நிழலுருவம் ஒன்றுக்கு இவ்வளவு தகவல் கிடைப்பது அபூர்வம். உட்கார்ந்த நேரம், விலை, அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி, அனுப்பும் வழி, மாட்டும் இடம் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. படம் ஒன்றுக்கு ஏழரை ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளலாம். 1789-இல் கலால் அதிகாரியாகப் பர்ன்ஸ் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 50 பவுண்டு. வாரத்துக்கு வகுத்தால் பத்தொன்பது ஷில்லிங் சொச்சம். அப்படியானால் ஒரு படம் வாரச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. மலிவு என்றுதான் நிழலுருவத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எண்ணெய் ஓவியத்தோடு ஒப்பிட்டால் மலிவு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடிதத்தில் வரும் டாக்டர், கவிஞர் தாமஸ் பிளாக்லாக், பார்வையற்றவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அம்மை கண்களைப் பறித்துவிட்டது. பர்ன்ஸ் ஜமைக்காவுக்குக் கப்பலேறும் எண்ணத்தைக் கைவிட்டு எடின்பரோவுக்குப் போகக் காரணமானது அவர் எழுதிய பாராட்டுக் கடிதம். கண்ணே காட்டாத படமுறை அவருக்குப் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம்.

நிழலைப் பிடிப்பது

இரண்டு நிமிடத்தில் என்ன நடந்திருக்கும்? ஆளைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய தாள். தாளில் விழும் நிழலின் விளிம்பைத் தாளின் பின்னால் நின்று பென்சிலால் ஓட்டுவது. சூரிச் நகரப் பாதிரியார் லவாட்டர் 1770-களில் பரப்பிய நிழல் நாற்காலியில் திரை நாற்காலியோடு சேர்ந்தே இருக்கும். தலை அசையாதபடி அண்டை கொடுக்கலாம். தொழில்காரர்கள் இந்த ஏற்பாட்டைத் தத்தம் வசதிப்படி மாற்றிக்கொண்டார்கள்.

கோட்டின் தரம் மூன்று அளவுகளில் இருக்கிறது: சுடரின் அகலம், சுடருக்கும் முகத்துக்கும் உள்ள தூரம், முகத்துக்கும் திரைக்கும் உள்ள தூரம். சுடர் ஒரு புள்ளி அல்ல என்பதால் நிழலின் ஓரம் மங்கும். பள்ளிப் பாடத்தில் வரும் புறநிழல் இதுதான். சுடர் 1 செ.மீ. அகலம், முகம் சுடரிலிருந்து 120 செ.மீ., திரை முகத்திலிருந்து 15 செ.மீ. என்று வைத்துப் பார்ப்போம். மங்கலான பட்டையின் அகலம் 1 × 15 ÷ 120, அதாவது 1.25 மி.மீ. நிழல் பெரிதாவது 135 ÷ 120, அதாவது 12.5 விழுக்காடு. மெழுகுவர்த்தியை 40 செ.மீ. அருகே கொண்டுவந்தால் மங்கல் 3.75 மி.மீ. ஆகிவிடும், முகம் 37.5 விழுக்காடு ஊதிவிடும். மூக்கு நுனி எங்கே முடிகிறது என்று பென்சில் பிடித்தவர் ஊகிக்க வேண்டியதுதான். இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைக் கிட்டே நகர்த்துவார்கள். தள்ளி வைத்துவிட்டு அறையை இருட்டாக்க வேண்டும்.

திரையை முகத்தோடு ஒட்டவும் முடியாது, தோள் இடிக்கும். திரையின் கீழ்ப்பகுதியைத் தோளுக்கு வளைவாக வெட்டி ஒதுக்கினால் சில செ.மீ. மிச்சமாகும்.

தலை திரும்புவதைப் பற்றிய பயம் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. பத்து பாகை திரும்பினாலும் மூக்கின் நீளம் 1.5 விழுக்காடுதான் குறையும், யாருக்கும் தெரியாது. பாதிப்பு மூக்கின் வேரில் வரும். புருவ எலும்பின் ஒரு பக்கம் முன்னால் வந்து, நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிழலில் அடைத்துவிடும். சப்பையான மூக்குவேர் கொண்ட நிழலுருவம் கண்ணில் பட்டால், ஆளின் முகம் அப்படி என்று முடிவு கட்டுவதற்கு முன் தலை திரும்பியிருந்ததா என்று கேட்க வேண்டும். மோவாய் ஏறி இறங்கினால் நெற்றிச் சரிவு மாறிப்போகும். உதடு இன்னும் மோசம். எச்சில் விழுங்கினாலே கோடு நகர்ந்துவிடும். அந்த வகையில் இரண்டு நிமிடம் என்பது நல்ல செய்தி. பத்து நிமிடம் உட்கார வைத்திருந்தால் கோடு பர்ன்ஸின் சலிப்பையும் சேர்த்துக்கொண்டிருக்கும்.

சுருக்குவது

திரையில் கிடைத்தது ஆளின் தலையைவிடச் சற்றே பெரிய கோடு. விற்றதோ சில செ.மீ. உயரமுள்ள முட்டை வடிவப் படம். நடுவில் பான்டோகிராஃப் வேலை செய்கிறது: நான்கு கோல்கள் இணைகரமாகச் சேர்ந்த கருவி, ஒரு முனை அசையாமல் நிற்கும், ஒரு முனை பெரிய கோட்டைத் தொடரும், இன்னொரு முனை சிறிதாக வரையும். ஜெர்மானியர்கள் இதை நாரை அலகு என்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

22 செ.மீ. முகம் திரையில் சுமார் 25 செ.மீ. ஆகியிருக்கும். அதை 3 செ.மீ.க்கு இறக்கினால் எட்டில் ஒரு பங்கு. 1.25 மி.மீ. மங்கலும் கூடவே சுருங்கி 0.15 மி.மீ. ஆகிறது, ஏறக்குறைய ஒரு தடித்த முடியின் அகலம். நிழல் பிடிக்கும்போது நேர்ந்த தடுமாற்றத்தைச் சுருக்கம் மன்னித்துவிடுகிறது என்று சொல்லலாம். சுருக்கும் கருவியின் பிழையை மன்னிக்க யாரும் இல்லை. கோல்களின் ஆணியில் ஆட்டம் இருந்தால், அந்தப் பிசகு சிறிய படத்தில் முழு அளவில் விழும். 3 செ.மீ. முகத்தில் மூக்கு துருத்துவது ஏறத்தாழ 3 மி.மீ.; ஆணியில் 0.3 மி.மீ. ஆட்டம் என்றால் மூக்கில் பத்தில் ஒரு பங்கு போச்சு. அசையாத முனை, தொடரும் முனை, வரையும் முனை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் முகமே ஒரு பக்கமாகக் கோணிவிடும். அப்படிக் கோணிய படத்தைக் கையால் திருத்தியவர்களும் உண்டு. திருத்திய கணத்தில் அது நிழலின் சாட்சி என்ற தகுதியை இழந்துவிடுகிறது.

அளவை விருப்பம்போல் மாற்றலாம் என்பதற்குப் பர்ன்ஸ் வாழ்க்கையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 1787 டிசம்பரில் அறிமுகமாகி, கிளாரிண்டா என்ற புனைபெயரில் அவரோடு கடிதம் பரிமாறிய ஆக்னஸ் மக்லஹோஸ் 1788 பிப்ரவரியில் மையர்ஸிடம் போய் உட்கார்ந்தார். போனதற்கு நன்றி சொல்லும் பர்ன்ஸ், அடுத்த புதன்கிழமைக்குள் முடித்துத் தரச்சொல்லி அவரை நெருக்குங்கள் என்கிறார். நெஞ்சின் மேல் அணியும் ஊசிப்பதக்கத்தில் வைப்பதற்கு வேண்டுமாம். சுவரில் மாட்டவும் சட்டையில் குத்தவும் ஒரே நிழல் போதும். கோலின் ஆணியை வேறு துளைக்கு மாற்றினால் வேலை முடிந்தது. அந்த அம்மையாரின் நிழலுருவமும் இன்று குயீன் தெருச் சேகரிப்பில்தான் இருக்கிறது.

கறுப்பும் தளமும்

மையர்ஸ் தொடக்கத்தில் அட்டையில் தீட்டினார். பிறகு மெல்லிய பிளாஸ்டர் வில்லைக்கு மாறினார். அவர் பெயர் நின்றது இந்த வெள்ளைத் தளத்தால்தான். அட்டை பழுக்கும், பிளாஸ்டர் வெள்ளையாகவே நிற்கும், கறுப்பு எடுப்பாகத் தெரியும்.

வில்லையைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு: 100 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு 65 மி.லி. தண்ணீர். தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கி, லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்த கண்ணாடியின் மேல் ஊற்றவும். வேகமாக அடித்தால் குமிழி. குமிழி விழுந்த இடத்தில் மை குளம் கட்டும். கண்ணாடியை ஒட்டிய முகம்தான் தீட்டும் முகம். பல நாள் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் கோடு பக்கவாட்டில் ஊறி மயிர்க்கால் மாதிரி பிரியும். தண்ணீர் கூடினால் வில்லை இளகலாகி, பின்னாளில் சட்டத்தில் அழுத்தும்போது உடையும்.

கறுப்பு என்பது புகைக்கரி. கண்மைக்கு விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடிக்கிறோமே, அதே சரக்கு. இது தண்ணீரில் லேசில் நனையாது, மிதக்கும். பைன் மரப் புகைக்கரியை பீரில் குழைத்தார்கள் என்று நிழலுருவத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படுவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது: பீர் கரியை நனைக்கவும் செய்யும், காய்ந்தபின் கொஞ்சம் ஒட்டவும் செய்யும். வழக்கமான பசை வேலம்பிசின். பிசின் குறைந்தால் விரல் பட்டதும் கரி உதிரும். கூடினால் மேற்பரப்பு பளபளத்து, சில ஆண்டில் ஏடு ஏடாக வெடிக்கும். கெட்டியாக ஒரே பூச்சு வேண்டாம், நீர்த்த பூச்சாக இரண்டு மூன்று.

மையர்ஸ் எங்கே ஓவியர் என்பது முகத்தில் தெரியாது. முகம் ஒரே சீரான கறுப்பு. பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு முடிக்கும் கழுத்துத் துணிக்கும் போக வேண்டும். கறுப்பு அங்கே மெல்ல நீர்த்துச் சாம்பலாகும். விளிம்பில் தனித்தனித் தூரிகை இழைகள் தெரியும். சட்டையின் முன்சுருக்குகளில் அடியில் உள்ள வெள்ளை ஊடுருவி வரும். இந்த மாற்றம் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. இடத்துக்குள் நடந்து முடிகிறது. போலி செய்கிறவர்கள் முகக்கோட்டைச் சரியாகவே எடுத்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது ரிப்பனிலும் சுருக்கிலும்தான். அச்சடித்த பிரதியானால் அதே லென்ஸில் புள்ளிவலை தெரிந்துவிடும், வேறு சோதனை தேவைப்படாது.

எதுவரை நம்பலாம்

ஆக, ஒரே படத்துக்குள் இரண்டு வகைச் சாட்சி இருக்கிறது. நெற்றியிலிருந்து மோவாய் வரை நிழல் சொன்னது. முடி, துணி, மார்பின் முடிவு ஆகியவை கை சொன்னது. படத்தின் பின்னால் ஒட்டிய மையர்ஸின் விளம்பரச் சீட்டே, பழைய நிழல் வைத்திருப்பவர்களுக்கு அதை வேண்டிய அளவில் சுருக்கி, இன்றைய மோஸ்தரில் உடுத்தித் தருவதாகச் சொல்கிறது. உடை என்பது தனியாகப் போட்டுக் கழற்றும் சரக்கு என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. பர்ன்ஸ் அன்று என்ன அணிந்திருந்தார் என்பதற்கு நிழலுருவத்தைச் சாட்சிக்கு இழுப்பது சரியல்ல.

நாஸ்மித் ஓவியத்தோடு இதை வைத்துப் பார்க்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில் பர்ன்ஸை நேரில் பார்த்த வால்டர் ஸ்காட், பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தபோது, நாஸ்மித் படத்தில் முகம் தூரத்திலிருந்து பார்த்ததுபோல் சிறுத்துத் தெரிகிறது என்றார். எந்தப் படத்திலும் இருப்பதைவிட முகம் கனத்தது என்பது அவர் நினைவு. நாஸ்மித் நண்பர், அழகாகவே பார்த்திருப்பார். ஓவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கிய ஜான் பியூகோ அதை மட்டும் நம்பாமல் பர்ன்ஸைத் தனியே உட்கார வைத்துப் பார்த்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தக் காலத்திலேயே ஓவியத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை என்று படுகிறது.

ஸ்காட் சொன்ன கனத்துக்கு நிழல் முழுப் பதில் தராது. முகத்தின் அகலம் பக்கமுகத்தில் பதிவாகாது. நெற்றியின் ஏற்றம், மூக்கின் கோணம், உதடு, மோவாயின் தடிப்பு மட்டும்தான் கிடைக்கும். ஸ்காட் எல்லாவற்றுக்கும் மேலாக வியந்தது அந்தப் பெரிய கருங்கண்களை. பேசும்போது அவை ஒளிர்ந்ததாக எழுதுகிறார். அதைப் பற்றி நிழலிடம் கேட்பதில் பயனில்லை.

ஒத்துப்பார்க்க மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. 1834 மார்ச் மாதத்தில், மனைவி ஜீன் ஆர்மரை அடக்கம் செய்ய டம்ஃப்ரீஸ் கல்லறையைத் திறந்தபோது, பர்ன்ஸின் மண்டையோட்டை எடுத்துப் பிளாஸ்டர் அச்சு வார்த்துக்கொண்டு திரும்ப வைத்தார்கள். மண்டை மேடுகளில் குணம் படிக்கும் அன்றைய மோகம்தான் காரணம். நோக்கம் அசட்டுத்தனமானது, ஆனால் அச்சு மிஞ்சியது. எலும்பு சொல்லும் இடம் நெற்றிச் சரிவும் புருவமேடும் மூக்கெலும்பின் தொடக்கமும். மூக்கு நுனி, உதடு இவற்றை நிழல்தான் சொல்ல முடியும். இரண்டும் சேர்ந்து பேசும் இடம் மூக்கின் வேர். மேலே சொன்னபடி, தலை திரும்பியிருந்தால் முதலில் கெடுவதும் அதே இடம். ஒப்பீட்டை அங்கேதான் தொடங்க வேண்டும்: இரண்டையும் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி நீள லென்ஸில் படமெடுத்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, புருவமேட்டில் பொருத்திப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். கிட்டே நின்று கைபேசியில் எடுத்த படத்தை வைத்து ஒப்பிட்டால், ஒப்பிடுவது லென்ஸின் கோணலைத்தான்.

பழுதும் பார்வையும்

இவ்வகைப் பிளாஸ்டர் நிழலுருவத்தின் கறுப்பை வெளிச்சம் கெடுக்காது. கரி வெளிச்சத்தில் மங்காது. அப்படியிருக்க காட்சியகங்கள் வைக்கும் 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) கட்டுப்பாடு எதற்கு என்றால், பின்புறத் தாளுக்கும் சீட்டுக்கும். பழைய தாள் பழுத்து நொறுங்கினால் படத்தின் பிறப்புச் சான்றிதழ் போய்விடும்.

முதல் எதிரி தண்ணீர். காய்ந்து இறுகிய பிளாஸ்டர் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் கரையும். பிசினோ அதைவிடச் சுலபமாகக் கரையும். அழுக்கைத் துடைக்க நினைத்து ஈரப் பஞ்சை வைத்தால், வெள்ளைத் தளம் சொரசொரத்து, அதன் மேல் சாம்பல் தீற்றல் படியும். திரும்பச் சரிசெய்ய வழியில்லை. மென்மயிர்த் தூரிகையால் தூசியை ஓரமாகத் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதுவும் கறுப்பில் ஏடு கிளம்பவில்லை என்று சாய்வொளியில் பார்த்து உறுதிசெய்த பிறகு. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் கிளம்பிய ஏட்டுக்கு ஒரு குட்டி நிழல் விழும். அந்த ஏட்டை நுண்ணோக்கியின் கீழ் நீர்த்த மீன்பசையால் படியவைப்பது பாதுகாப்புக் கூடத்தின் வேலை.

அடுத்தது சட்டம். முட்டை வடிவப் பித்தளைச் சட்டத்தில் களிம்பு ஏறினால் பச்சை மெல்ல வில்லையின் ஓரத்துக்கு இறங்கும். பழைய குவிகண்ணாடி சில சமயம் வியர்க்கும்; கண்ணாடியிலிருக்கும் காரம் ஈரத்தை இழுத்து உட்புறத்தில் துளித்துளியாகக் கோத்து நிற்கும். துளி கறுப்பில் சொட்டினால் வட்டக் கறை. வியர்க்கும் கண்ணாடியைக் கழற்றிப் புதியது போட்டுவிட்டுப் பழையதைச் சீட்டெழுதித் தனியே வைக்க வேண்டும். வீசிவிடக் கூடாது, அதுவும் அந்தப் பொருளின் பாகம்தான். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக நின்றால் களிம்பும் வியர்வையும் பெரும்பாலும் மட்டுப்படும்.

உடைந்த வில்லையைச் சூப்பர் குளூவால் ஒட்டிய கொடுமையைப் பல சேகரிப்புகளில் காணலாம். பிளாஸ்டர் அந்தப் பசையை உறிஞ்சி, உடைந்த கோட்டின் இரு பக்கமும் மஞ்சளாகிவிடும். மறுபடி பிரிக்க முடியாது. அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பசை போதும்: முதலில் 5 விழுக்காட்டு நீர்த்த கரைசலை உடைந்த முகங்களில் ஊறவிட்டு, காய்ந்தபின் கெட்டியான கரைசலால் ஒட்டுவது. வேலம்பிசினை அசிட்டோன் தொடாது. பின்னாளில் பிரிக்கவும் வழி இருக்கும்.

எது அசல்

மையர்ஸின் சீட்டில் மிக முக்கியமான வரி இது: முதல் நிழல்களைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார், ஒருமுறை எடுத்தவர்களுக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் தருவார். ஆள் உட்கார்ந்தபோது உண்டான ஒரே பொருள் அந்தப் பெரிய தாள்தான். வாடிக்கையாளர் கைக்குப் போனதெல்லாம் அதிலிருந்து இறக்கியவை. 1787-இல் இறக்கியதும் 1797-இல் இறக்கியதும் அதே நிழலிலிருந்து வந்திருந்தால், முகக்கோட்டின் சாட்சியம் இரண்டிலும் ஒன்றே. தேதி மட்டும் வேறு.

தேதியைக் காட்டுவது சீட்டும் கைவேலையும். சீட்டில் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதி முகவரி இருந்தால் படம் 1788-க்கு முன் செய்ததாக இருக்க முடியாது. முடியிலும் உடையிலும் பொன்பொடி மினுக்கினால், அது 1800-க்கு அப்புறம் மையர்ஸ் கடையில் உதவியாளராக இருந்த ஜான் ஃபீல்டு பெயர்பெற்ற வேலை. 1787 தேதியோடு பொருந்தாது. காகிதக்கூழில் செய்த சதுரக் கறுப்புச் சட்டமும் பிற்காலத்து வழக்கம். ஆனால் சட்டத்தை மாற்றுவது எளிது என்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பர்ன்ஸ் பெயர் ஒட்டிய எதையும் இன்னொரு சுற்று சோதிக்க வேண்டியிருக்கிறது. 'ஆன்டிக் ஸ்மித்' என்று அழைக்கப்பட்ட அலெக்சாண்டர் ஹவ்லண்ட் ஸ்மித், பர்ன்ஸ் கையெழுத்தில் கடிதங்களையும் கவிதைகளையும் தாமே எழுதி விற்று, 1893-இல் எடின்பரோவில் 12 மாதத் தண்டனை பெற்றவர். அவர் செய்தவை கையெழுத்துகள்தான். எனினும் அவை புழங்கிய அதே சந்தையில் படங்களும் கைமாறின. படத்தின் பின்னால் 'பர்ன்ஸ்' என்று மையில் எழுதியிருப்பது ஆதாரம் ஆகாது. புற ஊதா விளக்கில் பின்தாள் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், வெண்மையூட்டி சேர்த்த 1950-க்குப் பிந்திய தாள். எழுத்தும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஆகவே பதிவேட்டில் மூன்று வரி எழுதுவது நல்லது. ஆள் உட்கார்ந்து நிழல் எடுத்த ஆண்டு ஒரு வரி, கையில் இருக்கும் படத்தை இறக்கிய காலம் சீட்டு அல்லது கைவேலையின் ஆதாரத்தோடு ஒரு வரி, சட்டமும் கண்ணாடியும் எந்தக் காலத்தவை என்பது ஒரு வரி. மூன்றுக்கும் சேர்த்து '1787' என்று ஒற்றைத் தேதி போட்டு மூடிவிட்டால், பின்னால் வருகிறவர் ஸ்ட்ராண்ட் சீட்டைக் கண்டு படமே போலி என்று ஒதுக்கிவிடுவார். சீட்டைக் கிழித்து எறிந்து தேதியைக் காப்பாற்ற நினைப்பவரும் வரலாம்.